உறைக்குள் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை

1

முதல் நாள் நான் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது, அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் சட்டென்று அடங்கிப்போனார்கள். ஒரு பையன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிப் பையில் போட்டான். முன்வரிசையில் நின்ற பெண், வருகைப்பதிவு எப்போது எடுப்பீர்கள் என்று என்னிடம் கேட்டாள். எனக்கு முப்பத்தொன்பது வயது. அவர்களில் ஒருவருக்கும் இருபத்தொன்றைத் தாண்டியிருக்காது. போதாக்குறைக்கு, வீட்டிலேயே இஸ்திரி போட்டு எடுத்துப்போன வெள்ளைக் கோட்டு வேறு. ஆசிரியை என்று நினைத்துவிட்டார்கள். நானும் உங்களோடு படிக்க வந்தவள்தான் என்றதும் அந்தப் பையன் மறுபடியும் காதில் மாட்டிக்கொண்டான்.

போன வாரத்தோடு அந்தக் கல்வியாண்டு முடிந்தது. கனடாவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படிக்கிறேன் என்று சொன்னால் ஊரில் உள்ளவர்கள், மகளைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, என்ன மார்க் வாங்கியது என்று கேட்கிறார்கள். அதனால் இந்த ஒரு வருடம் எப்படி வந்தது என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

எனக்குக் குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மக்காச்சோளமும் பருத்தியும் வானம் பார்த்து விளையும் ஊர். என் கணவர் சரவணன் அரியலூர்க்காரர். அங்கே ஒரு சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர், இங்கே ஒரு பொட்டாஷ் சுரங்கத்தில் அதே வேலை பார்க்கிறார். அங்கே சுண்ணாம்புக்கல், இங்கே உப்புக்கல், கல்லை விட்டு எனக்கு விடுதலை கிடையாது என்பார். நாங்கள் வந்து பதினோரு வருடம் ஆகிறது. மகள் இனியாவுக்குப் பதின்மூன்று வயது. நான் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் ரொட்டிப் பிரிவில் வேலை பார்த்தேன். வேலைக்குப் போகும் பஸ் தினமும் பல்கலைக்கழக வாசலில் நின்றுதான் போகும். பிள்ளைகள் இறங்குவார்கள். நான் உட்கார்ந்திருப்பேன்.

போன வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் ஒருநாள் இனியா பள்ளிப்பாடம் செய்துகொண்டிருந்தாள். மாவு ஏன் உப்புகிறது என்று ஒரு கேள்வி. ரொட்டிக்கடைக்காரி அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்டாள். நான் ஈஸ்டில் தொடங்கி, அதற்குள் இருக்கும் என்சைம்கள் சர்க்கரையை எப்படி உடைக்கின்றன என்பதுவரை படம் போட்டுச் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்தபோது அவள் தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும், நீ காலேஜுக்குப் போயிருக்கிறாயா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் ஒரு பட்டதாரி என்பது என் மகளுக்குத் தெரியவே தெரியாது. அவளிடம் சொல்லத் தோன்றியதே இல்லை என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

2

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி படித்தேன். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. நொதி என்று படித்ததைத் திடீரென்று என்சைம் என்று சொல்ல வேண்டியிருந்தது. கரைசலின் நிறத்தை அளக்க, நாற்பது பெண்களுக்கு ஒரே ஒரு கலரிமீட்டர். எச்சிலில் இருக்கும் நொதி மாவுச்சத்தை உடைப்பதைக் காட்ட, நாற்பது பேரும் வரிசையாக நின்று டெஸ்ட் டியூபில் துப்பினோம். இங்கே அதே சோதனைக்கு அந்த நொதி, தூளாக, பனிக்கட்டிப் பெட்டியில் வந்து இறங்குகிறது. துப்புகிற வேலை இல்லை. சிரிக்கவும் ஒன்றும் இல்லை.

மூன்றாம் ஆண்டில் சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பரிசோதனை வந்தது. வீட்டிலிருந்து யாருடையதையாவது கொண்டுவரச் சொன்னார் எங்கள் பேராசிரியை. எல்லாருக்கும் வெட்கம். நான் அப்பாவிடம் கேட்டேன். மண்ணுக்கு டெஸ்ட் எடுக்கிற மாதிரியா என்று கேட்டுவிட்டு, கழுவி வைத்திருந்த ஊறுகாய் பாட்டிலில் கொடுத்தார். அதைத் துணிப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டு அக்கா என்ன ஊறுகாய் என்று கேட்டுவிடக் கூடாதே என்று குன்னத்திலிருந்து பெரம்பலூர் வரை சன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு போனேன்.

பெனிடிக்ட் கரைசல் நீல நிறம். அதில் சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டு, கொதிக்கும் தண்ணீரில் டியூபை வைத்தால், சர்க்கரை இல்லை என்றால் நீலம் அப்படியே இருக்கும். மற்றவர்களுடையது நீலமாகவே இருந்தது. என்னுடையது பச்சையானது, மஞ்சளானது, ஆரஞ்சானது, கடைசியில் செங்கல் நிறத்தில் அடியில் படிந்தது. குளுக்கோஸ் பாட்டிலை மாற்றி ஊற்றிவிட்டாயா என்று பேராசிரியை திட்டினார். திரும்பச் செய்தேன். மறுபடியும் செங்கல். அதற்குப் பிறகு அவர் திட்டவில்லை. உங்கப்பாவை நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்று மெதுவாகச் சொன்னார்.

அப்படித்தான் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. கால் விரலில் ஆறாமல் இருந்த புண்ணுக்கும் காரணம் தெரிந்தது. விரல் தப்பியது. எம்மவ கண்டுபுடிச்சா, டாக்டருக்கு முன்னாடியே கண்டுபுடிச்சா என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அந்தக் கோடையிலேயே எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்திருந்தது. கல்யாணத்துக்குப் பெறவு படிச்சுக்கலாம் பாப்பா என்றார் அப்பா. நல்ல மாப்பிள்ளை, அது பொய்யில்லை. ஆனால் அதற்குப் பிறகு இனியா, வேலை, விசா, விமானம். மூன்றாம் ஆண்டுத் தேர்வு முடிவு வந்த வாரம் வீட்டில் மறுவீட்டு விருந்து நடந்துகொண்டிருந்தது. பாஸா என்று யாரோ கேட்டார்கள், பாஸ் என்று சொன்னேன், அவ்வளவுதான். மார்க்கை யாரும் கேட்கவில்லை.

3

இனியா கேட்ட கேள்வி மனதை விட்டுப் போகவே இல்லை. மறுபடியும் படிக்கலாமா என்று சரவணனிடம் கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, சேர்ந்துடு என்றார். ஏதோ பஸ்ஸில் ஏறச் சொல்வது மாதிரி. ரொட்டிப் பிரிவில் பாதி நேர வேலைக்கு மாற்றிக்கொண்டேன்.

விண்ணப்பிப்பதில் இரண்டு தடங்கல் வந்தது. ஒன்று பெயர். என் சான்றிதழில் இரா. செல்வராணி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. அதனால் இங்கே எந்த அலுவலகத்திலும் என்னை ராமசாமி என்றுதான் கூப்பிடுவார்கள். இதை அப்பாவிடம் சொன்னபோது, தன்னை யாரும் கனடாவுக்குக் கூப்பிடவில்லை என்றாலும் பெயர் மட்டும் தினமும் போய்வருகிறதே என்று சந்தோஷப்பட்டார். இரண்டு பெயரும் நான்தான் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தேன், தீர்ந்தது.

இரண்டாவது தடங்கல் பெரியது. பழைய படிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால், ஊரில் என் பட்டத்தைக் கொடுத்த பல்கலைக்கழகம் மூன்று வருட மதிப்பெண்களையும் ஓர் உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்தித் தர வேண்டும். அந்த உறையை நான்கூடப் பிரிக்கக் கூடாது. அப்படியே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அப்பா கிளம்பினார். அறுபத்தெட்டு வயது. கிராமத்திலிருந்து பெரம்பலூர், அங்கிருந்து இன்னொரு பஸ். முதல் தடவை என் அனுமதிக் கடிதம் இல்லை என்று திரும்பினார். இரண்டாம் தடவை விண்ணப்பம் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் தடவை உறை கைக்கு வந்தது. பிரிக்கக் கூடாது பெரியவரே என்று அலுவலர் சொல்லித்தான் கொடுத்தாராம். நானும் போனில் மூன்று முறை சொல்லியிருந்தேன். பெரிய உறைக்குள் அதை வைத்து கூரியரில் அனுப்பினார்.

சேர்க்கை அலுவலகத்தில் டெப்ரா என்ற அம்மாள் இருந்தார். வயதானவர், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கட்டி கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். முத்திரை இரண்டு பாதியும் சரியாகப் பொருந்தவில்லை. மடிப்பை மெதுவாகத் தூக்கினார். பிறகு உறையை மேசைமேல் வைத்து என் பக்கம் திருப்பி, விரலால் தொட்டுக் காட்டினார். மடிப்புக்குள் ஒரு சோற்றுப் பருக்கை, நசுங்கிக் காய்ந்து ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டுப் புழுங்கலரிசி. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

இதை ஏற்க முடியாது என்றார். குரலில் கோபம் இல்லை. இரண்டு வாரத்துக்குள் வேறு உறை நேரடியாக அவர்களுக்கு வர வேண்டும். அதோடு, இது எப்படித் திறக்கப்பட்டது என்று திறந்தவரே எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதமும் வேண்டும். இல்லாவிட்டால் இந்த வருடம் இடம் கிடையாது. சான்றிதழில் கை வைத்ததாக என் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பும் விழும்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அழுகை வந்தது. அந்தப் பருக்கையை நினைத்தால் சிரிப்பும் வந்தது.

அடுத்த நாள் காலை ஊருக்குப் போன் போட்டேன். அப்பா, எனக்கு ஒன்றும் தெரியாது, அப்படியே அனுப்பினேன் என்றார். அம்மா போனைப் பிடுங்கினார்.

"பொய் சொல்றாரு பாப்பா. பெரம்பலூரு பஸ் ஸ்டாண்டுலயே பிரிச்சிட்டாரு. வூட்டுக்கு வந்து எங்கிட்ட ஒரு கை சோறு கேட்டாரு. பசியாத்தான் இருக்கும்னு குழம்பு ஊத்தப் போனேன். குழம்பு வேணாம்னுட்டாரு."

4

நான் கத்தினேன். இவ்வளவு சொல்லியும் ஏன் பிரித்தீர்கள் என்று. அப்பா, எப்ப வேணும் என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் முதல் பஸ் பிடித்துப் போய்விட்டார். பல்கலைக்கழக அலுவலகம் திறக்கும்போது வாசலில் நின்றாராம். அதே அலுவலரிடம், நீங்க சொல்லியும் பிரிச்சிட்டேன் சார், தப்பு என்மேலதான் என்று சொல்லியிருக்கிறார். அவர், இந்தத் தடவை உங்க கையிலயே தரப் போறதில்ல என்று சிரித்து, தாங்களே நேராகக் கனடாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்.

கடிதத்தின் போட்டோ என் போனுக்கு வரவில்லை, இனியாவின் டேப்லெட்டுக்கு வந்தது. தாத்தா வீடியோவில் கூப்பிடும் எண் அதுதான். நான் ரொட்டிக் கடையிலிருந்து திரும்பியபோது அவள் அதை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறாள் என்றாலும், பெரியவர்களின் கையெழுத்தைப் படித்துப் பழக்கமில்லை. கோடு போட்ட தாளில், நீல மையில், அப்பா எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு. உறையைப் பிரித்தது நான். என் மகளுக்குத் தெரியாது. அவள் படித்து முடித்து பதினெட்டு வருடம் ஆகிறது. அவள் என்ன மார்க் வாங்கினாள் என்று நான் பார்த்ததில்லை. ஆவல் தாங்காமல் பெரம்பலூர் பஸ் நிலையத்தில் பிரித்துவிட்டேன். இங்கிலீஷில் இருந்ததால், அங்கே பஸ்ஸுக்கு நின்ற ஒரு காலேஜ் பெண்ணைப் படிக்கச் சொன்னேன். மார்க் நன்றாக இருப்பதாகச் சொன்னது. எதையும் மாற்றவில்லை. சோற்றால் ஒட்டியதும் நான்தான். இப்படிக்கு, ப. இராமசாமி, விவசாயி."

இனியா நிமிர்ந்து, ஆவல் என்றால் என்ன என்று கேட்டாள். ஆசை என்றேன். ஆசை என்று எழுதியிருக்கலாமே, தாத்தா ஏன் ஆவல் என்று எழுதினார் என்றாள். ஆசையும் அவசரமும் சேர்ந்தது, பார்க்காவிட்டால் இருப்புக் கொள்ளாது, அதுதான் ஆவல் என்றேன். அவள் ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்களைச் சொல்லிப் பார்த்தாள். எதுவும் சரியாக இல்லை. கடைசியில், கடிதத்தை ஆங்கிலமாக்கிக் கொடுத்த, வெளியூரில் இருந்த அதிகாரப்பூர்வ மொழிபெயர்ப்பாளர் வேறொரு சொல்லைப் போட்டிருந்தார். இனியாவுக்கு அது பிடிக்கவில்லை. தமிழில் ஒரு சொல்லுக்காக என் மகள் சண்டை போட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

டெப்ரா அந்தக் கடிதத்தை என் முன்னாலேயே படித்தார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். தன் அப்பாவும் விவசாயிதான், கோதுமை, என்றார். புதிய உறை கெடுவுக்கு நாலு நாள் முன்னதாகவே வந்து சேர்ந்தது. முத்திரை சரியாக இருந்தது. ஒன்றரை வருடப் படிப்பைக் கழித்துக்கொண்டு மீதியைப் படிக்கச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஒன்றரை வருடத்தைக் கேட்டு அப்பா, மூணு வருசம் படிச்சதுக்கு பாதிதானா, இது அநியாயம் என்றார். அதற்குமேல் அந்த உறையைப் பற்றி நானும் அவரும் பேசவில்லை.

5

படிப்பு நான் நினைத்த மாதிரி இல்லை. பதினெட்டு வருடத்துக்கு முந்தைய கை, திரவம் அளக்கும் பிப்பெட்டைப் பிடித்தவுடன் பழகிவிட்டது. வாய்தான் பழகவில்லை. ஒரு வகுப்பில் பேராசிரியர் தன் ஆய்வு முடிவு ஒன்றைப் படமாகக் காட்டினார். எனக்கு ஓர் இடம் புரியவில்லை. கையைத் தூக்கி, எனக்கு ஒரு டவுட் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. அந்தச் சோதனையை எத்தனை முறை செய்தார்கள், யார் யார் சரிபார்த்தார்கள் என்று விளக்க ஆரம்பித்தார். அடுத்த வாரமும் கேட்டேன், அடுத்த வாரமும் விளக்கினார். இங்கே டவுட் என்றால் நீ சொல்வதை நான் நம்பவில்லை என்று அர்த்தமாம். இனியா சொல்லித்தான் தெரியும். அவர் என்னைக் கடுமையான விமர்சகி என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் சிரித்த சிரிப்பு வராண்டா வரை கேட்டது.

ஆனால் முதல் இடைத்தேர்வில் எனக்கு நாற்பத்து மூன்று. ஐம்பது வாங்கினால்தான் பாஸ். உடம்புக்குள் உணவு எப்படி மாறுகிறது என்ற பாடம், எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டில் தாளை அலமாரிக்குள் வைத்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அடுத்த வீடியோ அழைப்பில் இனியா, அவளுடைய உடைந்த தமிழில், நேராகப் போட்டு உடைத்தாள்.

"தாத்தா, அம்மா ஃபெயில்."

அப்பா, மொத்தம் எத்தனை பேர் ஃபெயில் என்று கேட்டார். தெரியாது என்றேன். பிறகு கேட்டார்:

"கேள்வி புரியலயா பாப்பா, பதில் தெரியலயா?"

அப்படி நான் யோசிக்கவில்லை. யோசித்தால், இரண்டும் இல்லை. பெரம்பலூரில், உணவு படிப்படியாக மாறும் ஒரு பாதையைக் கொடுத்து, பத்துப் படியையும் வரிசையாக எழுது என்பார்கள். எழுதிவிடுவேன். இங்கே, ஒரு குழந்தைக்கு ஐந்தாவது படியில் வேலை செய்யும் நொதி பிறவியிலேயே இல்லை, அதன் ரத்தத்தில் எது கூடும், எது குறையும் என்று கேட்கிறார்கள். மனப்பாடம் உதவாது.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் இனியா எனக்கு வாத்தியார் ஆனாள். கேள்வியை ஆங்கிலத்தில் வாசிப்பாள். நான் அவளுக்குப் புரியும்படி விளக்க வேண்டும், விளக்க முடியாவிட்டால் எனக்கும் புரியவில்லை என்று அர்த்தம். எனக்கு ஆங்கிலத்தில் வராது. தமிழில் சொல்லிப் பார்த்தேன். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு ஒரு பஸ். வழியில் குன்னம். குன்னம் தாண்டி ரோடு உடைந்துவிட்டது என்று வை. என்ன ஆகும்? குன்னத்தில் கூட்டம் சேரும் என்றாள். அரியலூரில்? யாரும் வந்து இறங்க மாட்டார்கள். கூட்டம் சும்மா நிற்குமா? அவள் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, வேறு ரோடு இருந்தால் அதில் போவார்கள் என்றாள். அவ்வளவுதான், அதுதான் அந்த நோய். வேறு ரோட்டில் போன கூட்டம்தான் அந்தக் குழந்தையின் சிறுநீரில் வருகிறது. எனக்கும் அந்த நிமிடம்தான் முழுதாகப் புரிந்தது. குன்னத்தை வரைபடத்தில் காட்டு என்று கேட்டாள். காட்டினேன். இவ்வளவு சின்ன ஊரா என்றாள். விக்கிரமங்கலம் எங்கே, குரும்பலூர் எங்கே என்று அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். அவளுக்கு ஊர்களின் மேல் பாசம் வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பாதைக்குப் பத்து நிறுத்தம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் கேள்விகளை இப்போது பாதித் தமிழில் கேட்கிறாள்.

6

ஏப்ரல் கடைசியில் முடிவு வந்தது. அந்தப் பாடத்தில் எழுபத்தாறு. மற்றவையும் பாஸ். மாலை எட்டு மணி, வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஊரில் அப்போதுதான் காலை. அப்பாவுக்குப் போன் போட்டேன். வைத்திருந்த பருத்தியை ஏலத்துக்குக் கொண்டுவந்திருந்தார். விற்பனைக் கூடத்தில் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம்.

எழுபத்தாறு என்றேன். நூத்துக்கா என்றார். நூத்துக்குத்தான் என்றேன். சரி பாப்பா, அதிகாரி வராரு, வெக்கிறேன் என்றார்.

வைக்கவில்லை. போனைக் கட் செய்யாமல் சட்டைப்பையில் போட்டிருக்கிறார். துணி உரசும் சத்தம் கேட்டது. நான் கட் செய்யப் போனேன். அதற்குள் பக்கத்தில் யாரோ ஒருவரின் குரல், பேத்தியா என்று கேட்டது.

"இல்லங்க, மவ. கனடாவுல படிக்குது. எழுபத்தாறு வாங்கியிருக்கு."

"மவளா? வயசு என்ன இருக்கும்?"

"நாப்பது ஆவப் போவுது."

அந்த ஆள் சிரித்தார். இந்த வயசுலயா படிப்பு என்றார். கேலியாகச் சொன்ன மாதிரி இல்லை, சும்மா கேட்டார். அப்பா மூட்டையை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"அது அப்பவே படிக்கிறேன்னுச்சு. நாந்தாங்க லேட்டாக்கிப்புட்டேன்."

இதை அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"அதனால என்ன, இப்ப படிக்குதுல்ல" என்றார் அந்த ஆள். ஆமாங்க, படிக்குது என்றார் அப்பா. பிறகு யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட, இருவரும் எழுந்து நடந்தார்கள். காலடிச் சத்தம், கூட்டத்தின் இரைச்சல், அப்பாவின் மூச்சு. இனியா வந்து, தாத்தா என்ன சொல்றாரு என்று கேட்டாள். வாயில் விரலை வைத்துக் காட்டி, போனை என் காதுக்கும் அவள் காதுக்கும் நடுவில் பிடித்தேன். இருவரும் நின்று, எங்கள் பருத்தி ஏலம் போவதைக் கேட்டோம்.